குழந்தையின் சிறுநீர்ப்பைக் கல்லைச் சிறு துளை வழியாக எடுக்கும் சிகிச்சை: பெற்றோர் செய்ய வேண்டியவை

மூன்று நான்கு வயதுப் பையன் சிறுநீர் கழிக்கும்போது துடித்து அழுதால், தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்து வீடுகளில் அதை உடல் சூடு என்று எடுத்துக்கொண்டு, தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பதும் நீர்மோரும் வெந்தயத் தண்ணீரும் கொடுப்பதும் வழக்கம். கோடை வெயிலில் விளையாடிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்த குழந்தைக்கு நீர்க்கடுப்பு வருவது உண்மையே. அது போதிய தண்ணீர் குடித்தால் ஓரிரு நாளில் தணிந்துவிடும். அப்படித் தணியாமல் வாரக்கணக்கில் நீடித்தாலும், போய்ப்போய்த் திரும்பி வந்தாலும், கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீர்ப்பையில் கல் இருக்கும் குழந்தைகளில் பலர் மாதக்கணக்கில் வலியைச் சுமந்த பிறகே ஸ்கேன் அறைக்கு வந்து சேர்கிறார்கள் என்பதால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

கல்லுக்கென்று சில அடையாளங்கள் உண்டு. சிறுநீர் கழிக்கத் தொடங்கும்போது இருப்பதைவிட முடியும் தறுவாயில் வலி கூடும், ஏனென்றால் பை சுருங்கி வெறுமையாகும்போதுதான் கல் அதன் அடிப்பகுதியில் அழுந்துகிறது. நன்றாக வந்துகொண்டிருந்த நீர் திடீரென்று நின்று, குழந்தை குனிந்தோ படுத்தோ நிலை மாறியதும் மறுபடி வரும். பையன்கள் ஆண்குறியின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார்கள். இதைக் கெட்ட பழக்கம் என்று நினைத்து அடிக்கும் வீடுகளும் இருக்கின்றன. அந்தக் கை வலி இருக்கும் இடத்தைக் காட்டுகிறது, ஆகவே அடிக்காதீர்கள். சிறுநீரில் இரத்தம் கலந்து வருவது, சொட்டுச் சொட்டாக ஒழுகுவது, முக்கி முக்கி ஆசனவாய் வெளியே தள்ளுவது ஆகியவையும் கல்லால் நேரக்கூடியவை. இந்தக் கல் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கே மிக அதிகமாக வருகிறது.

சிறுநீர் அடியோடு அடைத்துக்கொண்டு அடிவயிறு வீங்கினாலோ, குளிர் காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்து வந்தாலோ காலைவரை காத்திருக்கக் கூடாது. உடனே 108 வண்டியை அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். கல் வழியில் சிக்கிக்கொண்டதுபோல் கைக்குத் தட்டுப்பட்டாலும் அதைப் பிதுக்கி எடுக்க முயலக் கூடாது, உள்ளே கிழிந்துவிடும்.

முதல் பரிசோதனை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். பை நிரம்பியிருந்தால்தான் கல் தெளிவாகத் தெரியும் என்பதால், ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்து வர வேண்டும், வரிசையில் நிற்கும்போது அவசரப்பட்டுச் சிறுநீர் கழிக்க விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்லுள்ள குழந்தையால் அடக்க முடியாமல் போவதும் உண்டு, அப்போது ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லிவிட்டு மீண்டும் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்கலாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொன்னதால் கல்லே இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். யூரிக் அமில வகைக் கற்கள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஸ்கேனில் கல்லின் அளவு மில்லிமீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணையும், சிறுநீரகங்கள் வீங்கியிருக்கின்றனவா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், சிகிச்சை முறையைத் தீர்மானிப்பதில் இரண்டுக்கும் பங்குண்டு.

வாழைத்தண்டுச் சாறும் சிறுபீளைக் கஷாயமும் நெருஞ்சில் கஷாயமும் கல்லைக் கரைத்துவிடும் என்று நம்பி மாதங்களைக் கடத்துவதை நான் ஏற்கவில்லை. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்ட கல் சின்னப் பையனின் குறுகிய வழியே தானாக வெளியேறுவதற்கு இடமில்லை. இவற்றில் எதையேனும் ஏற்கெனவே கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை, மயக்க மருந்து கொடுப்பவருக்கு அந்தத் தகவல் தேவைப்படுகிறது.

எந்த வழி, எந்தக் குழந்தைக்கு

முன்பெல்லாம் அடிவயிற்றில் சில சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறி, சிறுநீர்ப்பையைத் திறந்து கல்லை எடுத்துத் தைப்பார்கள். பாதுகாப்பான முறைதான். ஆனால் காயம் பெரிது, சிறுநீரை வெளியேற்ற வைக்கும் டியூப் பெரும்பாலும் ஒரு வாரம் அளவுக்கு இருக்கும், தழும்பும் நிற்கும். இப்போது அதே கல்லை இரண்டு சிறிய வழிகளில் எடுக்க முடிகிறது.

முதல் வழி, சிறுநீர் வெளிவரும் பாதையான சிறுநீர்த்தாரையின் வழியாகவே மெல்லிய கருவியைச் செலுத்தி, பைக்குள் கல்லை லேசர் கொண்டு பொடியாக்கி, துகள்களை நீர் பாய்ச்சி வெளியேற்றுவது. உடலில் எங்கும் வெட்டே இல்லை. இரண்டாவது வழி, அடிவயிற்றில் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே ஒரு சிறு துளையிட்டு, அதன் வழியாகக் குழாய் ஒன்றை நேரே பைக்குள் நுழைத்து, உள்ளே கேமராவில் பார்த்தபடி கல்லை இடுக்கியால் பிடித்து எடுப்பது. கல் பெரிதாக இருந்தால் காற்றழுத்தக் கருவியாலோ லேசராலோ உடைத்துத் துண்டு துண்டாக எடுப்பார்கள். துளை ஒரு சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும், ஒரு தையல் போதும்.

வெட்டே இல்லாத முறைதான் சிறந்தது என்று பெற்றோருக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் சின்னப் பையன்களைப் பொறுத்தவரை அந்த எண்ணம் பல நேரங்களில் தவறாக முடிகிறது. பையனின் சிறுநீர்த்தாரை நீளமானது, மிகக் குறுகலானது. பெரிய கல்லை உடைக்க அரை மணி, முக்கால் மணி நேரம் அந்தப் பாதையில் கருவியை முன்னும் பின்னும் நகர்த்தினால் உட்சுவர் உராய்ந்து புண்ணாகி, ஆறும்போது சுருங்கி, பின்னாளில் சிறுநீர் வருவதே தடைபடலாம். அந்தச் சுருக்கத்தைச் சரிசெய்வது கல்லை எடுப்பதைவிடக் கடினமான வேலை, திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு வர வேண்டியிருக்கும். அடிவயிற்றுத் துளையோ சிறுநீர்த்தாரையைப் பெரிதும் தொடுவதில்லை. மேலும் சிறு குழந்தைகளின் சிறுநீர்ப்பை பெரியவர்களுக்கு இருப்பதைவிட மேலே, வயிற்றை ஒட்டி இருக்கும். பையை நீரால் நிரப்பியதும் அது வயிற்றுச் சுவரைத் தொட்டுக்கொண்டு எழுவதால், துளையிடுவதற்கு நேரான வழி கிடைக்கிறது.

ஆகவே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட கல், மருத்துவமனையில் குழந்தைகளுக்கான மெல்லிய கருவியும் இருக்கிறது என்றால் சிறுநீர்த்தாரை வழி பொருந்தும். பெண் குழந்தைகளுக்கு அந்தப் பாதை குட்டையாகவும் விரிந்து கொடுப்பதாகவும் இருப்பதால் அவர்களுக்கு இந்த வழி இன்னும் எளிது. அதைவிடப் பெரிய கல்லுள்ள சின்னப் பையனுக்குத் துளைவழிதான் நல்லது என்பது என் கருத்து, ஆனாலும் குழந்தையை நேரில் பார்த்து அளந்த மருத்துவரின் முடிவுக்கே முதலிடம். கல் மிகப் பெரிதாக இருந்தாலும், முன்பு அடிவயிற்றில் அறுவை நடந்து குடல் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பிருந்தாலும், சிறுநீர்ப்பையின் அமைப்பிலேயே குறை இருந்தாலும் திறந்து எடுப்பதையே மருத்துவர் விரும்பலாம். அதைப் பழைய முறை என்று எண்ணி மறுக்க வேண்டாம். வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தி உடைக்கும் முறையும் உண்டு. குழந்தைக்கு அதற்கும் மயக்க மருந்து தேவைப்படுவதோடு, உடைந்த துண்டுகள் குறுகிய பாதையில் சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதால் சிறுநீர்ப்பைக் கல்லுக்கு அது முதல் தேர்வாக இருப்பதில்லை.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். என் குழந்தைக்கு எந்த வழி, ஏன் அந்த வழி? குழந்தைகளுக்கான அளவில் கருவி இங்கே இருக்கிறதா? துளைவழியில் தொடங்கி முடியாமல் போனால் அப்போதே திறந்து எடுப்பீர்களா? டியூப் எத்தனை நாள் இருக்கும்? கல்லைப் பகுப்பாய்வுக்கு அனுப்புவீர்களா? ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் கிடைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அறுவை அரங்கின் வாசலில் நின்றுகொண்டு அதை முடிவு செய்வது எந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் எளிதல்ல.

எங்கே போவது, செலவுக்கு என்ன வழி

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தாலுகா மருத்துவமனையிலோ காட்டி, பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காவிரிப் படுகையில் இருப்பவர்களுக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதே ஊரில் தாய் சேய் சிகிச்சைக்குப் பெயர் பெற்ற இராசா மிராசுதார் மருத்துவமனை, திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகள், திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை ஆகியவை எட்டும் தூரத்தில் உள்ளன. மயிலாடுதுறை, காரைக்கால் பக்கத்தவர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மரும் தொலைவல்ல. எங்கே போனாலும் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரோ சிறுநீரகவியல் நிபுணரோ எந்தக் கிழமைகளில் புறநோயாளிகளைப் பார்க்கிறார் என்று முதலில் விசாரித்துவிட்டுக் கிளம்பினால், ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் வீணாகாது.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழியுண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் பெறும் வருமானச் சான்று, ஆதார், குடும்ப அட்டை ஆகியவை வேண்டும். பல வீடுகளில் பிறந்து மூன்று ஆண்டுகள் ஆன பிறகும் குழந்தையின் பெயர் ரேஷன் கார்டில் ஏறாமல் இருக்கும், அதனாலேயே அறுவை தள்ளிப்போகும். ஸ்கேனில் கல் என்று தெரிந்த அன்றே அந்தப் பெயரைச் சேர்க்க விண்ணப்பித்துவிடுங்கள். உங்கள் குழந்தைக்குச் செய்யவிருக்கும் முறை காப்பீட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அறுவைக்கு முன்

சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். கிருமி இருந்தால் அதற்குரிய மருந்து கொடுத்துக் கட்டுப்படுத்திய பிறகே கல்லைத் தொடுவார்கள், இல்லையென்றால் கல்லை உடைக்கும்போது கிருமிகள் இரத்தத்தில் கலந்து கடும் காய்ச்சல் வரும். இரத்த அளவு, உறைதல், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றுக்கும் இரத்தம் எடுப்பார்கள். அறுவைக்கு முந்தைய வாரத்தில் சளி, இருமல், மூச்சிரைப்பு வந்தால் சொல்லுங்கள். நாள் தள்ளிப் போனாலும் பரவாயில்லை, மயக்க நிலையில் மூச்சுக்குழல் அமைதியாக இருக்க வேண்டும். வலிப்பு, ஆஸ்துமா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமை, குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் எளிதில் நிற்காத தன்மை இவற்றையும் சொல்ல வேண்டும்.

வெறும் வயிற்றில் இருப்பது பற்றி மருத்துவமனை சொல்லும் நேரத்தை அப்படியே பின்பற்றுங்கள். பொதுவாகச் சோறு, பிஸ்கட், பசும்பால் முதலியவை 6 மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும், தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன்பு, தெளிந்த தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பு. பசியால் அழும் பேரனுக்கு அப்பாயி மனம் பொறுக்காமல் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிடுவது வார்டுகளில் அடிக்கடி நடக்கிறது. மயக்கத்தில் அது வாந்தியாகி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்பதைக் கூட வந்திருக்கும் அத்தனை பேருக்கும் முன்கூட்டியே விளக்குங்கள். தெரியாமல் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

குழந்தையிடமும் பேச வேண்டும். ஊசியே போட மாட்டார்கள் என்று பொய் சொல்லி அழைத்துப் போனால், அடுத்த முறை மருத்துவமனை வாசலிலேயே அலறும். தூங்க வைத்துவிட்டு வலிக்கிற கல்லை எடுத்துவிடுவார்கள், விழித்ததும் அம்மா பக்கத்தில் இருப்பாள், கொஞ்ச நாள் ஒரு டியூப் வழியாகச் சிறுநீர் போகும், அதை இழுக்கக் கூடாது என்று அதற்குப் புரியும் சொற்களில் சொன்னால் போதும்.

அரங்கினுள் முழு மயக்கம் கொடுத்து, பையைச் சூடாக்கிய உப்புநீரால் நிரப்பி, ஸ்கேனோ கேமராவோ வழிகாட்டத் துளையிடுவார்கள். மெல்லிய கம்பி ஒன்றை முதலில் நுழைத்து, அதன் மேல் படிப்படியாகப் பாதையை விரித்து, கருவி செல்லும் குழாயை வைப்பார்கள். குளிர்ந்த நீரைப் பாய்ச்சினால் சிறு உடல் விரைவில் குளிர்ந்துபோகும், வெறும் தண்ணீரைப் பயன்படுத்தினால் இரத்தத்தின் உப்பு அளவு குறையும், ஆகவேதான் சூடாக்கிய உப்புநீர். வேலை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் மயக்கம் கொடுப்பதற்கும் தெளிவிப்பதற்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் வெளியே காத்திருப்பவர்களுக்கு அது நீண்டதாகத் தெரியும்.

டியூப் இருக்கும் நாட்கள்

வார்டுக்கு வந்த பிறகு குழந்தையைவிட டியூப்பைத்தான் அதிகம் கவனிக்க வேண்டியிருக்கும். துளைவழியில் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் வரை அது இருக்கும். முதல் நாளிரண்டில் சிறுநீர் ரோஜா நிறத்தில் வருவது எதிர்பார்க்கப்பட்டதே. கெட்டியான சிவப்பாகவோ கட்டிகளோடோ வந்தாலும், டியூப்போடு இணைத்து வெளியே தொங்கும் பையில் நீர் சேர்வது நின்றுவிட்டாலும் செவிலியரை உடனே அழையுங்கள். பல நேரம் குழந்தை உருண்டு படுத்ததில் டியூப் மடிந்திருக்கும், முதலில் அதைப் பாருங்கள். நீர் சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் கிடக்கக் கூடாது. தூக்கிக்கொண்டு நடக்கும்போது பையைத் தோளில் மாட்டிக்கொள்ளும் வழக்கத்தால் வெளியேறிய சிறுநீர் மறுபடி உள்ளே ஓடிவிடுகிறது.

திடீரென்று உடம்பை முறுக்கி, சிறுநீர் வருகிறது என்று கத்தி, டியூப்பைச் சுற்றி ஈரமாகிவிட்டால் பயப்பட வேண்டாம். சிறுநீர்ப்பை தன்னுள் இருக்கும் டியூப்பை வெளியே தள்ளப் பார்ப்பதால் வரும் இழுப்பு அது. அதற்கென்று மருந்து இருக்கிறது, கேட்டு வாங்குங்கள், வலியைப் பொறுத்துக்கொள் என்று குழந்தையை அடக்க வேண்டியதில்லை. டியூப்பை எடுத்த பிறகு முதல் சில தடவை எரிச்சல் இருக்கும். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய அகலமான பாத்திரத்தில் உட்கார வைத்து, அதிலேயே கழிக்கச் சொன்னால் எளிதாக இருக்கும். எடுத்து ஆறு மணி நேரம் ஆகியும் சிறுநீர் வரவில்லை என்றால் சொல்ல வேண்டும். துளைக் கட்டு நனைந்துகொண்டே இருந்தால் அங்கிருந்து சிறுநீர் கசிகிறது என்று பொருள், டியூப்பை இன்னும் சில நாள் வைத்திருந்தாலே பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

வீட்டுக்கு வந்ததும் துளை நன்றாக ஆறும்வரை, அதாவது இரண்டு வாரமாவது, ஆற்றிலும் வாய்க்காலிலும் குளத்திலும் இறக்கக் கூடாது. ஆடிப்பெருக்கு குறுக்கே வந்தாலும் அந்த ஆண்டு படித்துறையில் நின்று பார்ப்பதோடு போதும். காய்ச்சல், வயிற்று வீக்கத்தோடு வாந்தி, சிறுநீர் அடைப்பு, இரத்தக் கட்டி இவற்றில் எது வந்தாலும் கொடுத்த தேதிவரை காத்திராமல் அன்றே திரும்பிப் போங்கள்.

கல்லுக்குக் காரணம் தேடுவது

எடுத்த கல்லைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு வீட்டு அலமாரியில் வைப்பதில் பயனில்லை. உலர்ந்த நிலையில் பகுப்பாய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அது அம்மோனியம் யூரேட் வகை என்றால் உணவுதான் பெரும்பாலும் காரணம். பால், முட்டை, மீன், பருப்பு குறைந்து வெறும் சோறும் கஞ்சியுமாகச் சாப்பிட்டு, தண்ணீரும் குறைவாகக் குடித்து, இடையிடையே வயிற்றுப்போக்கும் வரும் குழந்தைக்கு, சிறுநீரில் பாஸ்பேட் குறைந்து அம்மோனியா கூடி இவ்வகைக் கல் உருவாகிறது. உணவைத் திருத்தினால் இது திரும்ப வருவது அரிது. கிருமியால் உண்டான கல் என்றால் கிருமி ஏன் தங்குகிறது என்று தேட வேண்டும். பையன்களுக்குச் சிறுநீர்த்தாரையின் உட்புறம் பிறவியிலேயே சவ்வு தடுத்துக்கொண்டிருக்கிறதா, தண்டுவடக் குறையால் பை முழுதாக வெறுமையாகாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிஸ்டின் வகை என்றால் பரம்பரையாக வருவது, உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டும், வாழ்நாள் முழுவதும் கவனிப்பும் தேவை.

பகுப்பாய்வு முடிவு வரும்வரை கீரையையும் தக்காளியையும் பாலையும் நிறுத்திவிடாதீர்கள். குறிப்பாகப் பாலை நிறுத்தினால் குடலில் ஆக்சலேட்டைப் பிடித்து வைக்கும் சுண்ணாம்புச்சத்து குறைந்து, கல் வருவதற்கு இன்னும் வழியாகும். குழந்தைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும். பிறகு சோற்றை மசிக்கும்போதே பருப்பும் முட்டையும் மீனும் சேர வேண்டும். அங்கன்வாடியிலும் சத்துணவிலும் தரும் முட்டையைக் குழந்தை உண்மையில் சாப்பிடுகிறதா என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

குடிக்கும் நீர்மங்கள் எல்லாம் சேர்ந்து 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டரும் 20 கிலோ எடைக்கு ஒன்றரை லிட்டரும் பொதுக் கணக்கு. கத்திரி வெயிலில் இன்னும் கூட்ட வேண்டும். நடவு, அறுவடை நாட்களில் வயல் வரப்பில் குழந்தையை உட்கார வைத்துவிட்டு வேலை பார்ப்பவர்கள் அதற்கென்று தனியாக ஒரு புட்டித் தண்ணீர் கொண்டுபோனால் நல்லது. நீராகாரம், உப்புக் குறைத்த மோர், எலுமிச்சைச் சாறு, இளநீர் எதுவானாலும் சரி, பாட்டிலில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதில் சேராது. பள்ளிக் கழிப்பறை அருவருப்பாக இருப்பதால் நாள் முழுதும் அடக்கிக்கொண்டு, அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் ஏராளம். ஆசிரியரிடம் மருத்துவச் சீட்டைக் காட்டி, கேட்டபோதெல்லாம் வெளியே விடச் சொல்ல வேண்டும்.

அடுத்த ஸ்கேன் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் இருக்கும். வலி போய்விட்டதே என்று அதைத் தவறவிடக் கூடாது, மீந்த துகள் ஒன்று மீண்டும் கல்லாக வளரலாம். சிறுநீர்த்தாரை வழியாகச் சிகிச்சை பெற்ற பையன் என்றால் சில ஆண்டுகளுக்கு அவ்வப்போது அவன் சிறுநீர் கழிப்பதைப் பாருங்கள். வீச்சு மெலிந்தாலும், இரண்டாகப் பிரிந்தாலும், முக்க வேண்டியிருந்தாலும், டிஸ்சார்ஜ் சீட்டையும் கல் பகுப்பாய்வு அறிக்கையையும் எடுத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் போக வேண்டும். அந்த இரண்டு தாள்களையும் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து ஒரே உறையில் வைத்திருங்கள்.